இராமநாதபுரம் கரையோர மணற்புழுக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை பக்கம் நீர் வற்றிய நேரத்தில் கரையில் நடப்பவர்களும், விலங்கியல் படிக்கும் மாணவர்களும், தூண்டில்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. புழுவைத் தோண்டாமலேயே பாதி பதில் சொல்லிவிடலாம். மணல்மேல் அது விட்டுவைக்கும் அடையாளத்தைப் பார்த்தால் அதன் வாய் எப்படிப்பட்டது, எதைத் தின்கிறது என்பது தெரிந்துவிடும். கீழே உள்ள பதில்களில் பலவும் அந்த வழியில்தான் போகின்றன.

ஈர மணலில் இடியாப்பம் பிழிந்ததுபோலச் சுருள் சுருளாகக் கிடக்கிறதே, அது புழுவின் முட்டையா?

இல்லை, அது புழுவின் கழிவு. மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி மணலை வால் பக்கமாக வெளியே தள்ளும்போது அது கயிறுபோலச் சுருண்டு விழுகிறது. விரலால் தொட்டுப் பாருங்கள்: சளி கலந்த மணல், தொட்டதும் உதிர்ந்துவிடும்.

இந்தச் சுருளை இடுவதில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று அரெனிகோலா குடும்பம், ஆங்கிலத்தில் லக்வார்ம் என்பார்கள். மற்றொன்று பாடப்புத்தகத்தில் வரும் பலனோகிளாசஸ் வகையறா. சுருளுக்கு ஒரு சாண் தொலைவுக்குள் மணல் கிண்ணம்போல உள்வாங்கிய குழி தெரிந்தால் அரெனிகோலா என்று சந்தேகிக்கலாம். சுருளுக்கு அடியிலுள்ள மணலைக் கையில் எடுத்து முகர்ந்ததும் பழைய ஆஸ்பத்திரியின் அயோடோஃபார்ம் வாசனை அடித்தால் அது பலனோகிளாசஸ் கூட்டம். அந்த வாசனைக்குப் புழுவின் உடலில் இருக்கும் புரோமின் சேர்மங்கள் காரணம். கையில் பட்டால் சோப்புப் போட்டாலும் சீக்கிரம் போகாது.

சுருளாக இல்லாமல் மிளகு அளவில் உருண்டை உருண்டையாக, ஒரு துளையைச் சுற்றிக் கதிர்போல அடுக்கிக் கிடந்தால் அது புழுவே அல்ல. சின்ன மணல் நண்டு வாயால் மணலைச் சலித்துத் துப்பிய உருண்டைகள் அவை. புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

முட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் வேறொன்றைத் தேடுங்கள். கண்ணாடிபோலத் தெளிந்த, கொழகொழப்பான ஒரு பை, நூல்போன்ற வாலால் மணலுக்குள் கட்டப்பட்டு, நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும். சில அரெனிகோலா இனங்களும் வேறு சில குழாய்ப் புழுக்களும் முட்டையை இப்படிப் பையில் வைக்கும். பிடுங்கினால் அத்தனையும் வீண், பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

அப்படியானால் புழு மணலையா தின்கிறது? மணலில் என்ன சத்து?

மணல்மணியில் சத்து இல்லை, மணியின் மேற்பரப்பில் இருக்கிறது. ஒவ்வொரு மணலும் ஒரு மெல்லிய படலம் போர்த்திருக்கும்: பாக்டீரியா, டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசி, அவை விடும் சளி, அதில் ஒட்டிய கடற்புல் துணுக்கு. வெயிலில் நீர் வற்றும்போது மணல்மேல் பொன்பழுப்புத் திட்டுகள் தெரிகின்றனவே, அவை டயாட்டங்கள் மேலே வந்ததால் உண்டான நிறம். புழுவுக்கு அதுதான் சோறு.

சோறு குறைவு, உமி அதிகம். திறந்த கரை மணலில் கரிமப் பொருள் பெரும்பாலும் எடையில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால் மணல் தின்னும் புழுக்கள் ஒரு நாளில் குறைந்தது தம் உடல் எடை அளவுக்காவது மணலைக் குடல்வழியே கடத்தியாக வேண்டும். பல இனங்கள் அதைவிடப் பல மடங்கு கடத்துகின்றன. கரை முழுக்கச் சுருளாகக் கிடப்பதன் கணக்கு இதுதான்.

அரெனிகோலாவை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியக் கரைகளில் வாழும் அரெனிகோலா மெரினா என்ற இனத்தை மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். சுமார் 20 முதல் 40 செ.மீ. ஆழத்தில் படுக்கையாக ஒரு வளை. அதன் வால் முனையிலிருந்து மேலே ஒரு கிணறு. தலை முனைக்கு மேலே கிணறு கிடையாது, தளர்ந்த மணல்தான் தூண்போல நிற்கும். புழு தன் உடலை அலையலையாக வீங்கவைத்து வால் பக்கமிருந்து தண்ணீரை இழுத்துத் தலை பக்கம் தள்ளுகிறது. இதில் இரண்டு காரியம் நடக்கிறது. செவுள்களுக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. முன்னால் உள்ள மணல் தளர்ந்து கூழாகி வாய்க்கு இறங்குகிறது. மேல்மணல் கீழே சரியச் சரிய மேலே கிண்ணக் குழி விழுகிறது. அந்தக் குழியில் அலை கொண்டுவரும் கடற்புல் குப்பை சேரும், அதுவும் தூணோடு கீழே இறங்கிப் புழுவின் வாய்க்குப் போகும். மெல்லவே வேண்டாத அந்த வாயில் தாடை கிடையாது. வெளியே பிதுங்கி வரும் தொண்டையில் ஒட்டும் சிறு முகடுகள் இருக்கும்; அவற்றில் பொடி மணல் ஒட்டிக்கொள்ளும், பருமணல் நழுவிவிடும்.

இந்த இனம் ஏறத்தாழ 40 நிமிடத்துக்கு ஒரு முறை வாலை மேலே கொண்டுவந்து சுருளை இட்டுவிட்டு இறங்கும். மீன் கொத்தினாலும் பறவை கொத்தினாலும் போவது வால் நுனிதான். புழு பிழைத்துக்கொள்ளும்.

வடகடலிலும் தென்கடலிலும் ஒரே புழுக்கள்தானா?

இனப்பட்டியலில் பொதுவானவை நிறைய. ஆனால் எந்தக் கரையில் எது மிகுதி என்பதை அலையும் மணலின் பருமனும் தீர்மானிக்கின்றன.

பாக் நீரிணைப் பக்கம், அதாவது வடகடல், ஆழம் குறைந்தது. வாடைக்காற்றுக் காலம் தவிர மற்ற நாளில் அமைதியாகக் கிடக்கும். தேவிபட்டினம், தொண்டி, அரியமான் பக்கம் மணல் பொடியாகவும் சேறு கலந்தும், சற்று உள்ளே போனால் கடற்புல் விரித்தும் இருக்கும். பொடி மணலில் சத்து தங்கும், வளை இடியாமல் நிற்கும். அதனால் மணல் தின்னிகளும் குழாய் கட்டிகளும் இங்கே செழிப்பு.

தென்கடல் என்பது மன்னார் வளைகுடாப் பக்கம். தனுஷ்கோடியின் தென்புறம், வாலிநோக்கம் பக்கத்துத் திறந்த கரைகளில், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் அலை மணலைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்கும். அங்கே நிரந்தர வளையோ குழாயோ நிற்காது. குழாய் இல்லாமல் வேகமாகத் துளைத்து ஓடும் மெல்லிய புழுக்களும், மணல்மணிகளின் இடுக்கிலேயே வாழும் ஒரு சில மில்லிமீட்டர் நீளப் புழுக்களும்தான் தாக்குப்பிடிக்கும். தனுஷ்கோடியில் ஆண்கடல், பெண்கடல் என்று இரண்டு பக்கத்தையும் பிரித்துச் சொல்வார்கள். புழுவைப் பொறுத்தவரை அந்தப் பிரிப்பு சரியாகவே பொருந்துகிறது.

தென்கடலிலும் தீவுகளின் மறைவில், பவளப்பாருக்கு உட்பக்கம், அலை அடங்கிய மணல் திட்டுகள் உண்டு. அவை வடகடல் கரையைப் போலவே நடந்துகொள்ளும்.

இவை எல்லாம் மண்புழு இனமா?

பெரும்பாலானவை மண்புழுவின் பங்காளிகள்: வளைதசைப் புழுக்கள், அதிலும் பாலிகீட்டுகள். உடலின் ஒவ்வொரு வளையத்திலும் இரு பக்கமும் மயிர்க்கற்றை கொண்ட பக்கக்கால் இருக்கும். நிலக்கடலைபோலச் சுருங்கும் சைபன்குலா புழுக்களையும் இப்போது இந்தக் கூட்டத்தில்தான் சேர்க்கிறார்கள். நாடாப்புழு மாதிரி வழவழப்பாக நீண்டுகொண்டே போகும் நெமர்டியன் வேறு தொகுதி. பலனோகிளாசஸ் அரைநாணி என்னும் தொகுதி, உறவுமுறை பார்த்தால் புழுவைவிட நட்சத்திர மீனுக்கு அருகில் நிற்கும்.

கடல் அட்டை புழுவே அல்ல, முட்தோலி, அதாவது நட்சத்திர மீனின் கூட்டம். 2001-இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட உயிரி. தெரியாமல் எடுத்தேன் என்ற விளக்கம் எடுபடாது.

தோண்டினால் ஒரு விரற்கடைக்குக் கீழே கறுப்பு மண், அழுகிய முட்டை நாற்றம். கரை மாசுபட்டிருக்கிறதா?

அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பொடி மணலுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால், கீழே உள்ளவை கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு பிழைக்கும்; அதில் ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கிறது. அது மணலிலுள்ள இரும்போடு சேரும்போது கறுக்கும். கரை ஒதுங்கிய கடற்புல்லும் பாசியும் மட்கும் இடத்தில் கறுப்பு மேலேயே வந்துவிடும். தனுஷ்கோடியின் அலைக்கரையில் முழங்கை ஆழம் தோண்டினாலும் கறுப்பு தென்படாமல் போகலாம்.

இந்தக் கறுப்பு மண்ணை ஒரு முறை மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டி, வெட்டுமுகத்தைக் கவனியுங்கள். கறுப்புக்கு நடுவே செங்கல் நிறத்தில் நரம்பு நரம்பாகக் கோடுகள் இறங்கும். ஒவ்வொன்றும் ஒரு புழுவளை. புழு இறைக்கும் தண்ணீரில் வந்த ஆக்சிஜன் பட்டு, வளைச்சுவரிலுள்ள இரும்பு துருவேறியிருக்கிறது. கோட்டின் நடுவில் ஈரத்துளை திறந்திருந்தால் ஆள் வீட்டில் இருக்கிறார். கோடு மங்கி, துளை அடைந்து கறுக்கத் தொடங்கியிருந்தால் காலி வீடு.

மாசைச் சந்தேகிக்க வேண்டிய அறிகுறி வேறு. நூல்போல மெலிந்த சிவப்புப் புழு, கேப்பிடெல்லா வகை, ஒரு கை மண்ணில் ஏராளமாக நெளிந்து, அதைத் தவிர வேறு எந்தப் புழுவும் சிப்பியும் இல்லாமல் போனால், சாக்கடையோ மீன் கழிவோ அந்த இடத்தில் அளவுக்கு மீறிச் சேர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எண்ணிக்கை கூடி வகை குறைவதுதான் கெட்ட செய்தி.

சிப்பித் துண்டும் புல்லும் ஒட்டிய குச்சிபோல ஒன்று மணலில் நட்டுக்கொண்டிருக்கிறது. இழுத்தால் வெறும் உறைதான் வருகிறது. உள்ளே என்ன?

டயோபாட்ரா என்னும் குழாய்ப் புழு. காகிதத்தோல் போன்ற குழாயைச் சுரந்து, மேலே நீட்டியிருக்கும் சில சென்டிமீட்டரில் மட்டும் சிப்பி உடைசல், கடற்புல் துண்டு, சிறு சங்கு என்று ஓடு வேய்வதுபோல ஒட்டிவைக்கும். குழாய் கீழே அரை மீட்டருக்கும் இறங்கலாம். ஆட்டம் தெரிந்த கணமே புழு அடிக்குப் போய்விடும், அதனால்தான் உறை மட்டும் கையோடு வருகிறது.

ஒட்டிய பொருள்கள் அலங்காரம் அல்ல. அவற்றில் சிறு இறாலினங்கள் குடியேறும், பாசி படரும். புழு தலையை வெளியே நீட்டித் தன் வீட்டுச் சுவரிலேயே மேயும். வந்து தங்கியதைப் பிடித்தும் தின்னும். இதே பேரினத்தைச் சேர்ந்த சில வெளிநாட்டு இனங்கள் கடற்பாசித் துண்டுகளைக் குழாயில் ஒட்டிவைத்து, அவை அங்கேயே வளரச் செய்வதையும் பதிவு செய்திருக்கிறார்கள். தலைக்குப் பின்னால் சுருள் தூரிகைபோலச் சிவந்த செவுள்கள் இருக்கும். முழங்கால் நீரில் அசையாமல் நின்றால், சில நிமிடத்தில் அவை வெளியே வருவதைக் காணலாம். நிழல் விழாமல் நிற்க வேண்டும்.

வளையைவிட்டு வெளியே வராமலேயே தின்னும் புழுக்கள் எப்படி இரை தேடுகின்றன?

மூன்று வழிகள். ஸ்பையோனிட் வகைக்குத் தலையில் இரண்டு நீண்ட உணரிகள். துளையிலிருந்து நீட்டிச் சாட்டைபோலச் சுழற்றும். நீரோட்டம் மெதுவாக இருந்தால் மணல்மேல் தடவும், வேகம் கூடினால் நீரில் மிதப்பதைப் பிடிக்கும். ஒரே புழு ஒரே நாளில் இரண்டையும் செய்யும்.

டெரிபெல்லிட் வகைக்கு இரண்டல்ல, கொத்துக் கொத்தாக உணரிகள். இடியாப்ப இழைகளைத் தட்டில் பரப்பியதுபோல மணல்மேல் விரிந்து கிடக்கும். ஒவ்வொரு இழையின் அடியிலும் ஒரு வாய்க்கால். அதில் நுண்மயிர்கள் பொடியை வாய்க்கு ஓட்டும். சற்றுப் பெரிய துணுக்கானால் இழையே சுருங்கி இழுத்துக்கொண்டு போகும்.

கீட்டாப்டெரஸ் செய்வதோ தனிக் கலை. ‘ப’வைத் தூக்கி நிறுத்தியதுபோல இரு முனையும் மேலே திறந்த காகிதத்தோல் குழாயில், நடு உடலிலுள்ள மூன்று விசிறிகளை ஆட்டித் தண்ணீரை ஓட்டும். முன்னால் சளியால் ஒரு பை நெய்து அந்த ஓட்டத்தில் விரிக்கும். ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள்கூட அதில் சிக்கும். பை நிறைந்ததும் உருண்டையாகச் சுருட்டி வாய்க்கு அனுப்பிவிட்டு அடுத்த பையைத் தொடங்கும். ஒரு பைக்குச் சுமார் கால்மணி நேரம். இருட்டில் தொந்தரவு செய்தால் நீலமாக ஒளிரும் சளியை விடும். ஓயாமல் குழாய்க்குள் இருக்கும் புழுவுக்கு இந்த ஒளி எதற்கு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

வேட்டையாடும் புழு உண்டா?

உண்டு. கிளைசெராவைப் பார்த்தால் இரு முனையும் கூர்ந்த இளஞ்சிவப்புக் கயிறு, பாவம்போல இருக்கும். தொட்டால் முன்முனையிலிருந்து உடல் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தொண்டை வெடித்து வெளியே வரும். நுனியில் நான்கு கறுப்புக் கொக்கித் தாடைகள். தாடையில் செம்புத் தாது கலந்திருக்கிறது. அடியில் நஞ்சுச் சுரப்பி. மனிதர்களைக் கடித்தால் தேனீ கொட்டியது போன்ற வலியும் வீக்கமும். மணலுக்குள் கிளைகிளையாக வளை வெட்டி, மேலே சிறு உயிர் நகரும் அதிர்வை உணர்ந்து பாயும்.

நீரிஸுக்கு இரண்டு தாடை. அவை இறைச்சிக்கு மட்டும் அல்ல. பாசியைக் கிழிக்கவும் உதவும். நீரிஸ் எது கிடைத்தாலும் தின்னும், செத்த மீன் வரை. பாடப்புத்தகத்தில் ‘ஊனுண்ணி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது பாதி உண்மைதான்.

நெமர்டியன் இவற்றையே வேட்டையாடும். பாலிகீட்டின் வளைக்குள் நுழைந்து, பசைபோன்ற நீள்தூம்பை வீசிச் சுற்றிக்கொள்ளும். சில இனங்களின் தூம்பு நுனியில் ஊசி இருக்கும்.

கரைவலையில் வரும் கம்பளிப்பூச்சி மாதிரிப் புழுவைத் தொட்டால் கை எரிகிறது. என்ன செய்வது?

அது தீப்புழு, பெரும்பாலும் குளோயியா. பக்கவாட்டில் வெள்ளை அல்லது பொன்னிற மயிர்க்கற்றைகள். அந்த மயிர் சுண்ணாம்பாலானது, கண்ணாடி இழைபோலத் தோலில் குத்தி உடைந்துவிடும்.

தேய்க்காதீர்கள், தேய்த்தால் உடைந்த மயிர் இன்னும் உள்ளே போகும். கடல்நீரால் அலசி ஈரத்தை ஒற்றியெடுங்கள். ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பில் உரியுங்கள். புதுத்துண்டு டேப்பால் நான்கைந்து முறை திரும்பச் செய்யுங்கள். பிறகு வினிகரில் நனைத்த துணி போட்டால் எரிச்சல் தணியும். கண்ணில் பட்டாலோ, மூச்சு முட்டினாலோ, முகம் வீங்கினாலோ டேப் வைத்தியம் போதாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதோடு சேர்த்து ஒன்று. புழு தேடும்போது கண்ணில் படும் அழகான கூம்புச் சங்கை உயிரோடு எடுக்கவே கூடாது. பல கூம்புச் சங்குகளுக்குப் புழுதான் இரை. அவற்றை மயக்க வைத்திருக்கும் நஞ்சு ஊசியை நம் விரலிலும் இறக்கும். மீன் தின்னும் சில இனங்களின் நஞ்சு ஆளைக் கொல்லும்.

குருசடைத் தீவில் பலனோகிளாசஸ் பார்க்கலாம் என்று கல்லூரியில் சொல்கிறார்கள். உண்மையா?

அங்கே இருப்பது டைகோடெரா ஃபிளாவா. பலனோகிளாசஸின் நெருங்கிய உறவு; வகுப்பில் எல்லாவற்றையும் பலனோகிளாசஸ் என்றே சொல்லிவிடுவது பழக்கமாகிவிட்டது. பாம்பன் அருகிலுள்ள குருசடையின் அலை அடங்கிய மணலில் இது வாழ்வது நெடுங்காலமாக விலங்கியலாளர்களுக்குத் தெரியும்.

ஓக் கொட்டை போன்ற தலை என்று ஆங்கிலப் பெயரை வைத்து விளக்குவார்கள். ஓக் கொட்டையை இங்கே யார் கண்டார்கள்? மோதிரத்துக்குள்ளிருந்து விரல்நுனி எட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விரல்நுனி தூம்பு, மோதிரம் கழுத்துப்பட்டை, பின்னால் நீண்ட முண்டம். முண்டத்தின் முன்பகுதியில் இரு பக்கமும் இனச்செல் உறுப்புகள் மடிந்த சிறகுபோல நிற்கும். அதற்குப் பின்னால் பச்சையும் பழுப்புமாகக் கல்லீரல் பைகள் வரிசையாக இருக்கும். தூம்பைப் போர்த்தியிருக்கும் சளியில் மணலும் பொடியும் ஒட்ட, நுண்மயிர்கள் அந்தச் சளிக்கயிற்றைக் கழுத்துப்பட்டைக்கு முன்னாலுள்ள வாய்க்கு இழுக்கும். கூட வந்த தண்ணீர் செவுள் துளைகள் வழியே வெளியேறும். உடல் மிக மென்மை. மண்வெட்டி பட்டால் துண்டாகிவிடும், கையால் இழுத்தாலும் அறும்.

ஆனால் எடுக்க முடியாது. மன்னார் வளைகுடாக் கடல்வாழ் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. குருசடை உட்பட 21 தீவுகள் அதில் அடங்கும். வனத்துறை அனுமதியில்லாமல் இறங்குவதோ ஓர் உயிரை எடுப்பதோ குற்றம். ‘செய்முறைத் தேர்வுக்கு’ என்பது விதிவிலக்கு ஆகாது.

இந்தப் புழுக்களை யார் தின்கிறார்கள்?

கிழங்கான் மீனின் வயிற்றை அறுத்துப் பாருங்கள். கூம்பிய வாயை மணலில் குத்திப் புழுவையும் சிறு கூனிகளையும் எடுத்துத் தின்பதே அதன் தொழில். ஊடகம் வாயைக் குழலாக நீட்டி உறிஞ்சும். திருக்கை மணலைத் தண்ணீர் பீய்ச்சிக் கிளறும். கீழக்கரையும் இராமேசுவரமும் தலைமுறைகளாக முத்துக்குளித்தலோடு சேர்த்துச் சொல்லும் வெண்சங்கு இருக்கிறதே, அதற்கும் குழாய்ப் புழுதான் முக்கிய இரை. புழு குறைந்த படுகையில் சங்கு செழிக்காது.

குளிர்காலத்தில் வந்திறங்கும் கோட்டான் (ஆந்தை அல்ல, கரைப்பறவை), மூக்கன், உப்புக்கொத்தி, உள்ளான் கூட்டங்களுக்கும் இதே மணல்தான் பந்தி. அலகின் நீளத்தைப் பொறுத்து ஆழம் பிரிந்துவிடுகிறது. உப்புக்கொத்தி மேலே தலைகாட்டும் புழுவைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும். கோட்டான் வளைந்த அலகை வளைக்குள் விட்டு ஆழத்தில் இருப்பதை இழுக்கும்.

புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகுமா?

பொதுவாக ஆகாது. வால் பக்கம் போனால் பல பாலிகீட்டுகள் வாலை வளர்த்துக்கொள்ளும். தலை போனால் நீரிஸ் போன்றவை அவ்வளவுதான். டயோபாட்ரா தலை நுனியைத் திரும்ப வளர்க்கும். டைகோடெராவும் தலையை மீண்டும் உண்டாக்கும் வல்லமை உள்ளது.

இனப்பெருக்கம் எப்படி? இரவில் விளக்கடியில் நீந்தும் புழுக்கள் எவை?

பெரும்பாலானவை முட்டையையும் விந்தையும் கடலில் விட்டுவிடும். அங்கேயே கருவுற்று ட்ரோக்கோஃபோர் என்னும் மிதக்கும் இளவுயிரி ஆகும். விளக்கடியில் சுழல்பவை பருவம் வந்த நீரிஸ் வகைகள். கண் பெருத்து, பக்கக்கால் துடுப்பாகி, மணலைவிட்டு மேலே வரும். நிலவின் நாளைக் கணக்கிட்டுக் கூட்டமாக வருவதால்தான் ஆணும் பெண்ணும் சந்திக்க முடிகிறது. இனச்செல்லைக் கொட்டியதும் செத்துவிடும். விடிந்தபின் கரையில் ஒதுங்கும் சக்கை உடல்களைப் பார்த்து விஷம் கலந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

எப்போது போனால் பார்க்கலாம்?

நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. அதனால் நாளும் காற்றும் இரண்டும் ஒத்துவர வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாளில், வற்றம் அடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கிவிடுங்கள். வாடை வீசும்போது வடகடல் கரையில் நீர் ஏறி நிற்கும், மணல் வெளிப்படாது. அப்போது தென்கடல் பக்கம் போகலாம். கச்சான் காலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பாம்பனில் கடல் உள்வாங்கியது என்று அவ்வப்போது செய்தி வரும். பெரும்பாலும் வற்றமும் காற்றும் சேர்ந்து நீரைத் தள்ளிய நாள்தான் அது. நிலநடுக்கமோ சுனாமி எச்சரிக்கையோ வந்திருந்தால் மட்டும் புழுவை மறந்துவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும்.

கல்லூரித் திட்டப்பணிக்கு எண்ணிக்கை எடுக்க வேண்டும். எப்படி?

தேசியப் பூங்காவுக்கு வெளியே, உரிய அனுமதியோடு. 10 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாயை 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஒரு விளிம்பைச் சாய்வாக அரத்தால் ராவிக் கூராக்குங்கள். 20 செ.மீ.யில் மார்க்கர் கோடு. ஒரே மூச்சில் இறக்க வேண்டும். ஆட்டி ஆட்டி இறக்கினால் அதிர்வில் ஆழப்புழுக்கள் ஓடிவிடும். எண்ணிக்கை குறைந்ததற்கு இதுவே முதல் காரணமாக இருக்கும். மேல்வாயை மூடியால் இறுக அடைத்துவிட்டுத் தூக்கினால் மண் உள்ளேயே நிற்கும்.

மேல்கரை, நடு, நீரோரம் என்று மூன்று வரிசை, ஒவ்வொன்றிலும் ஐந்து குழாய் மண். அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையை வாளி நீரில் பாதி முக்கிப் பக்கவாட்டில் அசையுங்கள். மேலிருந்து தண்ணீரைக் கொட்டினால் புழு கண்ணில் அறுந்து துண்டுதான் மிஞ்சும். எண்ணும்போது தலைகளை மட்டும் எண்ணுங்கள், வால் துண்டுகளை அல்ல.

கணக்கு எளிது. ஒரு குழாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ., ஐந்துக்கு 392.5. ஐந்திலும் சேர்த்து 8 தலை கிடைத்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 204.

உயிருள்ள புழுவை நேரே ஃபார்மலினில் போட்டால் முறுக்கிக்கொண்டு உடையும், இனம் காண முடியாது. ஒரு லிட்டர் நன்னீரில் 73 கிராம் மக்னீசியம் குளோரைடு படிகம் கரைத்து, அதில் சம அளவு கடல்நீர் கலந்து, புழு துவளும் வரை வைத்திருங்கள். நீரிஸ் வகையானால் அந்த நேரத்தில் தலைக்குப் பின்னால் மெதுவாக அழுத்தித் தொண்டையை வெளியே எடுத்துவிடுங்கள். தாடையையும் அதைச் சுற்றியுள்ள கறுப்புப் பற்புள்ளிகளையும் பார்க்காமல் இனம் சொல்ல வழியில்லை. பிறகு கடையில் வாங்கிய ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு கடல்நீர் சேர்த்த கரைசலில் இரண்டு நாள். நன்றாகக் கழுவி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றவும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். லேபிளைத் தடித்த தாளில் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பால்பாயிண்ட் எழுத்து எத்தனாலில் கரைந்து போய், ஊர் பேர் தெரியாத புழுக்கள் நிறைந்த புட்டிகள் பல ஆய்வகங்களின் அலமாரியில் உண்டு.

தூண்டில் புழுவை எப்படி உயிரோடு வைத்திருப்பது?

கடல்நீர் நிறைந்த டப்பாவில் அடைத்தால் ஒரு மணி நேரத்தில் மூச்சுத் திணறிச் சாகும். ஈரக் கடற்புல் அல்லது கடல்நீரில் நனைத்துப் பிழிந்த சாக்குத்துணிக்கு நடுவே பரப்பி, மூடியில் துளையிட்ட டப்பாவில் நிழலில் வையுங்கள். ஐஸ் வைப்பதானால் நேரே தொடக் கூடாது. உருகிய நன்னீர் பட்டால் புழு ஊதிப்போகும். அறுந்ததையும் செத்ததையும் உடனே பொறுக்கி எறியுங்கள். ஒன்று அழுகினால் விடிவதற்குள் மொத்தமும் கூழாகிவிடும்.

இறால் பொரிப்பகங்களில் தாய் இறாலுக்குக் கடற்புழு போடுவது ஏன்? கரையில் தோண்டியதையே போடலாமா?

கருமுட்டை முதிரத் தேவையான நீள்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் புழுவில் நிறைய. ஆனால் கரைப்புழு வெண்புள்ளி வைரஸையும் இறாலைத் தாக்கும் இஎச்பி என்னும் நுண்கிருமியையும் சுமந்து வரலாம். உறையவைப்பதால் வைரஸ் ஒழியும் என்று நம்பக் கூடாது. நோயற்ற தாய்க் கூட்டத்தை விலைகொடுத்து வாங்கிவிட்டு, சோதிக்காத புழுவைத் தீனியாகப் போட்டால் அந்தச் செலவு முழுக்க வீண். நோயில்லாச் சூழலில் வளர்த்து, பிசிஆர் என்னும் கிருமி கண்டறியும் மரபணுச் சோதனை செய்த புழுவையே வாங்க வேண்டும்.

தோண்டிய குழியை மூட வேண்டுமா? அடுத்த ஏற்றத்தில் தானே மூடிவிடாதா?

அலைக்கரையில் மூடிவிடும். தேவிபட்டினம் போன்ற அமைதியான கரையில் குழி நாள்கணக்கில் குட்டையாக நிற்கும். கடற்புல் அழுகி அதில் சேர்ந்தால் அந்த வட்டம் முழுக்கக் கறுத்துப்போகும். மேலே வாரிப்போட்ட கறுப்பு மண்ணுக்கு அடியில் பொடிப்புழுவும் சிறு சிப்பிகளும் மூச்சடைத்துச் சாகும். ஆகவே கறுப்பு மண்ணை முதலில் தள்ளிவிட்டு, வெளிர்மண்ணை அதன்மேல் போட்டு, காலால் மிதிக்காமல் கையால் சமன் செய்யுங்கள். கடற்புல் வேரோடிய இடத்தில் தோண்டவே தோண்டாதீர்கள், வெறும் மணல் திட்டுகள் பக்கத்திலேயே இருக்கும்.